ஆசிரியர் அருகில்லாப் பியானோப் பயிற்சி: மென்பொருளின் செவியும் மாணவரின் செவியும்

அல்லைப்பிட்டி என்னும் ஊர்ப்பெயர் ஆய்வேடுகளில் இடம்பெறுவது பெரும்பாலும் சீன மட்பாண்டங்களை முன்னிட்டேயாம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே புறப்பட்டு மண்டைதீவைக் கடப்போர் வேலணைத் தீவில் முதலிற் காணும் ஊர் இது. 1970களின் பிற்பகுதியில் இங்கு நிகழ்ந்த அகழ்வில் வட சொங் அரசமரபுக் காலத்துச் சீனக் கலங்களின் உடைவுகள் மிகுதியாக வெளிப்பட்டன. கடல் கடந்து வந்த பிறநாட்டுப் பொருளைத் தன் வீட்டுப் பொருளாக்கிக்கொள்வது இக்கரையினர்க்குப் புதிதன்று என்பதற்கு அவ்வோடுகள் சான்று. இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவதும் அவ்வாறு வந்த ஒரு பொருளைப் பற்றியதே: வீட்டு மேசைமேல் வைக்கப்படும் மின்னணு விசைப்பலகையும், அதனோடு கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்த பியானோ கற்பிக்கும் மென்பொருளும்.

ஊர் வழக்கில் அவ்விசைப்பலகை ‘ஓர்கன்’ எனப்படும். பியானோவின் இடத்தை இது பிடித்தமைக்கு விலை மட்டும் காரணமன்று. முழுப் பியானோவொன்றில் ஏறத்தாழ 230 உருக்குத் தந்திகள் உள்ளன. அவை யாவும் சேர்ந்து சட்டகத்தின்மேல் பல தொன் இழுவிசையைச் செலுத்துகின்றன. உப்புக்காற்று ஓயாது வீசும் தீவில் அத்தந்திகள் துருவேறும். ஈரப்பதத்தால் மரப்பகுதி உப்பிச் சுருதி கலையும். சுருதி சேர்ப்பவரைத் தேடி நகருக்குச் செல்லவேண்டும். மின்னணு விசைப்பலகைக்கு இத்தொல்லைகள் இல்லை. ஆயின் 88 கட்டைகளுக்குப் பதிலாக அதில் பொதுவாக 61 கட்டைகளே உண்டு. அக்குறை ஆரம்ப மாணவரைத் தாக்குவதில்லை. இடைநிலைக்கு வந்தபின்னரே அது தோன்றும்.

இடைநிலை என்பதால் நாம் கருதுவது யாது? இரு கைகளாலும் எளிய பாட்டொன்றை வாசிக்கும் ஆற்றல் வந்துவிட்டது; ஆயினும் இடக்கை வலக்கையின் நிழலாகவே இயங்குகின்றது. 1889 இல் இலண்டனில் நிறுவப்பட்ட அரச இசைக் கல்லூரிகளின் இணைந்த சபை வகுத்த எட்டுத் தரங்களுள், மூன்றாந் தரந்தொட்டு ஐந்தாந் தரம்வரை உள்ள பகுதியை இந்நிலைக்கு அளவுகோலாகக் கொள்ளலாம். கிளெமென்டி 1797 இல் வெளியிட்ட சிறு சொனாட்டாக்கள், பர்க்முல்லரின் இருபத்தைந்து பயிற்சிகள், சுமன் இளையோருக்கென 1848 இல் இயற்றிய தொகுப்பு ஆகியன இந்நிலையினர்க்குரிய இலக்கியங்கள். கற்பதை இடையிற் கைவிடுவோர் மிகுதியும் கைவிடுவது இவ்விடத்திலேதான். முன்பு ஒரு வாரத்தில் ஒரு பாட்டுக் கைகூடியது. இப்போது ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் செல்கின்றது.

இவ்விடத்தில் ஒருவர் அருகிருந்து கற்பிப்பதே நம் மரபு. வாய்ப்பாட்டாயினும் மிருதங்கமாயினும் மாணவர் ஆசிரியரின் கையையும் முகத்தையும் பார்த்தே கற்றனர். 1990 இல் தீவக மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். 2006 ஓகஸ்டில் மக்கள் தஞ்சமடைந்திருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயம் எறிகணை வீச்சுக்கு உள்ளானபின், அல்லைப்பிட்டியார் மீண்டும் ஊரைவிட்டு நீங்கினர். உயிரும் உடைமையும் இழந்த கணக்கினுள் இவ்வருகிருப்பு எவராலும் எழுதப்படுவதில்லை. ஒரு கிராமத்தில் ஆர்மோனியம் தெரிந்த ஒருவர் இருந்ததும், பின்னர் அவர் இல்லாமற் போனதும் எந்தப் பதிவேட்டிலும் காணக்கிடையா. எனவே இக்காலத்து மாணவி ஒருத்தி, புலம்பெயர்ந்த மாமனார் அனுப்பிய விசைப்பலகையின் முன் கைத்தொலைபேசியைச் சாய்த்துவைத்துக் கற்கத் தொடங்கினால், அதனைப் பொழுதுபோக்கு என எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அறுந்த தொடர் ஒன்றை அவள் தன்னந்தனியே முடிய முயல்கின்றாள். அம்முயற்சியில் மென்பொருள் எவ்வளவு உதவும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதே நம் வினா.

முதற்கண் மென்பொருள் எவ்வாறு ‘கேட்கின்றது’ என்பதை விளக்குதல் வேண்டும். விசைப்பலகைகளும் கணினிகளும் தம்முள் உரையாடுதற்கான பொதுமொழி 1983 இல் வகுக்கப்பட்டது. அது மிடி எனப்படும். ஒவ்வொரு கட்டைக்கும் அதில் ஓர் எண் உண்டு. நடுச் சட்சமாக நாம் கொள்ளும் நடுவிலுள்ள ‘சி’ என்னும் கட்டை 60 ஆம் எண். முழுப் பியானோவின் முதற் கட்டை 21, இறுதிக் கட்டை 108. கட்டை கீழிறங்கும்போது அதனடியிலுள்ள இரு தொடுகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடுகின்றன. அவற்றிடையே கழியும் நுண்ணிய காலத்தை அளந்து, விரல் எவ்வளவு விசையோடு தாக்கியது என்பதைப் பொறி 1 முதல் 127 வரையான ஓர் எண்ணாக மாற்றும். விரலெடுத்தபோது மற்றொரு செய்தி செல்லும். ஆக, எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு விசையோடு, எப்போதுவரை என்னும் நான்கும் மென்பொருளுக்குத் தெரியும். வடத்தால் இணைக்காது கைத்தொலைபேசியின் ஒலிவாங்கியைமட்டும் நம்பினால் இவ்வளவும் கிட்டாது. தாழ்ந்த ஒரு சுரத்தின் ஒலியினுள் அதன் மேல்நிலைச் சுரமும் பிறவும் மெலிதாகக் கலந்தே ஒலிக்குமாதலின், பல சுரங்கள் ஒருங்கே எழும்போது பொறி மயங்கும். சரியாக வாசித்தும் பிழையெனக் காட்டும் அனுபவம் பலர்க்கு உண்டு. ஆதலால் வடத்தின் சிறு செலவைத் தவிர்ப்பது புத்தியன்று.

இவ்வகைக் கற்பித்தல் நேற்றுத் தோன்றியதன்று. 1990 இலேயே அமெரிக்காவில் ‘மிராக்கிள்’ என்னும் பெயரால் விசைப்பலகையும் கற்பிக்கும் நிரலும் சேர்த்து விற்கப்பட்டன. 2006 இல் ‘சிந்தீசியா’ தோன்றியது. மேலிருந்து வண்ணப் பட்டைகள் கட்டைகளை நோக்கி விழும் காட்சி அதனாலேயே பரவலாயிற்று. ‘புளோகீ’, ‘சிம்பிளி பியானோ’ முதலியன 2010களில் வந்தவை. இவற்றின் நன்மையை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஒரே அடியை நூறுமுறை வாசித்தாலும் பொறி சலிப்பதில்லை. இடக்கையைத் தான் வாசித்து, வலக்கையை மட்டும் மாணவரிடம் விடும். வேகத்தைப் பாதியாக்கும். இரவு பத்து மணிக்கும் செவிப்பன்னியோடு கற்கலாம், அயலாருக்கு இடையூறில்லை. கூச்சமுள்ள பிள்ளைக்கு இது பெருநன்மை.

ஆயினும் பொறிக்குத் தெரியாத ஒன்று உண்டு. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதை அறியும் அது, எந்த விரல் அழுத்தியது என்பதை அறியாது. ஆரம்பநிலையில் ஐந்து விரலும் ஐந்து கட்டைமேல் கிடந்தன, ஐயத்துக்கு இடமில்லை. இடைநிலையில் எட்டுச் சுரங்களை ஐந்து விரலால் ஏறவேண்டும். வலக்கை மூன்றாம் விரல்வரை சென்றபின் பெருவிரல் உள்ளங்கைக்கு அடியாற் புகுந்து நான்காஞ் சுரத்தை ஏற்க, அங்கிருந்து மீண்டும் ஐந்து விரலும் விரியும். இப்பெருவிரற் புகுதல் கைவராதவர் மெதுவாக வாசிக்கையில் எவ்வாறோ ஈடுசெய்துவிடுவர். திரையில் பச்சை நிறமே தோன்றும். வேகம் கூடியபின் கை தடுமாறும். அப்பொழுது பிழை எங்கே தொடங்கியது என்பதைக் கண்டறிய மூன்று மாதப் பழக்கத்தை அவிழ்க்கவேண்டும். மணிக்கட்டு இறுகியிருத்தலும் தோள் உயர்ந்திருத்தலும் இவ்வாறே மறைந்து வளர்வன. இதற்கு மருந்து எளியது. கைத்தொலைபேசியைப் பக்கவாட்டில் நிறுத்தித் தன் கையைத் தானே காணொளியாக்கி, அச்சிட்ட இசையேட்டிலுள்ள விரலெண்களோடு வாரம் ஒருமுறை ஒப்பிடல் வேண்டும்.

தாக்கும் விசையைப் பொறி அறியும் என்றோம். அறிந்தும் பல மென்பொருள்கள் அதனைத் தீர்ப்புக்கு எடுத்துக்கொள்வதில்லை. இதனைச் சோதிக்கக் கருதி, ஒரு மென்பொருளில் (பெயர் வேண்டா) இடக்கைத் துணைச்சுரங்களை வேண்டுமென்றே உரத்தும், வலக்கைப் பண்ணைக் கேளாதவாறு மெலித்தும் நாம் வாசித்துப் பார்த்தோம். முழுப்புள்ளி கிடைத்தது! பாட்டை மூழ்கடித்த மிருதங்கத்துக்குச் சபையில் யாரும் முழுப்புள்ளி வழங்கார். மிதியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. வலப்புற மிதியை அழுத்தினால் முன்னைய சுரங்கள் நீண்டு ஒலிக்கும். துணைச்சுரம் மாறும் கணத்தில் மிதியை எடுத்து, உடனே மீண்டும் அழுத்தவேண்டும். அங்ஙனம் எடாவிடின் பழைய சுரமும் புதிய சுரமும் குழம்பிச் சேறாகும். இக்குழப்பத்தைத் திரை காட்டாது. செவியே காட்டவேண்டும்.

இவற்றினும் ஆழமான குறை காலத்தைப் பற்றியது. பெரும்பாலான மென்பொருள்களில், மாணவர் சரியான கட்டையை அழுத்தும்வரை காத்துநிற்கும் முறை ஒன்றுண்டு. அது கருணை போலத் தோன்றும். ஆயினும் தாளத்தைக் கொல்வது. காத்திருக்கும் கருவியோடு ஆறு மாதம் பழகியவர் ஒவ்வொரு கடினமான இடத்திலும் தாளத்தை நிறுத்திவைத்துச் சுரத்தைத் தேடுவர். அதனைத் தடை என்றே உணரார். தேவாலயத்தில் பாடகர் குழாமுக்கு அவர் துணைவாசிக்கும் நாளில், குழாம் முன்னே சென்றுவிட, விசைப்பலகை பின்னே ஓடிவரும்.

மற்றொரு வழி வேகத்தை நூற்றுக்கு இத்தனை எனக் குறைப்பது. இதில் தாளமும் சுரமும் சேர்ந்தே மெதுவாகின்றன. நம் சரளிவரிசைப் பயிற்சி இதனின் வேறானது. அங்கே தாளம் மாறுவதில்லை. கை ஒரே கதியிற் போடப்படுகின்றது. முதற்காலத்தில் எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு சுரம், இரண்டாங்காலத்தில் இரண்டு, மூன்றாங்காலத்தில் நான்கு. வேகம் என்பது இங்கே ஒரு விழுக்காடன்று; அசையாத அடியொன்றின்மேல் அடர்த்தி இரட்டித்தல். மென்பொருளின் முறை விரலைப் பழக்கும். நம் முறை உள்ளத்திலிருக்கும் காலவுணர்வைப் பழக்கும். இடைநிலை மாணவருக்கு இல்லாதது பின்னதே என்பது நம் கருத்து. ஆகவே பயிற்சிக்குரிய அடியைத் திரையை மூடிவைத்து, மெட்ரோனோம் எனும் தாளங்காட்டியை நிமிடத்துக்கு 60 என நிறுத்தி, மூன்று காலத்திலும் வாசிக்கவேண்டும். மூன்றாங்காலம் கைகூடாத இடமே உண்மையான கடினமான இடம். மாயாமாளவகௌளையைச் ‘சி’ யிலிருந்து வாசிப்பதும் இதற்கு உகந்தது. ரிஷபமும் தைவதமும் கறுப்புக் கட்டையில் விழ, ஏனையவை வெள்ளையில் விழும்; முன்பாதியின் இடைவெளிகள் பின்பாதியிலும் அப்படியே அமையும். பெருவிரல் எங்கே புகவேண்டும் என்பதைக் கட்டைகளின் மேடுபள்ளமே கைக்குக் கற்பிக்கின்றது.

இனி ஏட்டை வாசித்தல். விழும் பட்டைகளைப் பார்த்து வாசிப்பவர் ஏட்டை வாசிப்பதில்லை. பட்டை இல்லாத நாளில் அவர் கை வெறுங்கை. ஐந்து கோட்டுக் குறியீடு தமிழ் மாணவர்க்குக் கடினமாதற்கு ஒரு காரணமுண்டு. நம் சட்சம் இடம்பெயர்வது. பாடகரின் குரலுக்கேற்ப எந்தக் கட்டையிலும் அது நிற்கும். ‘ஒரு கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்று நம் பாடகர் சுருதி சொல்லும் வழக்கே ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணியதால் வந்தது என்பது சுவையான செய்தி. ஐந்து கோட்டிலோ ஒவ்வொரு கோடும் ஒரு நிலையான கட்டையைக் குறிக்கும். இருமுறையும் தெரிந்தவர்க்கு இது தடையன்று. மாறாக, மேனாட்டு இசையின் அமைப்பை உட்புகுந்து காண ஒரு சாளரம்.

கிளெமென்டியின் முப்பத்தாறாம் படைப்புத் தொகுதியில் முதற் சொனாட்டாவின் முதற்பகுதியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 38 அளவைகள். ‘சி’ யைச் சட்சமாகக் கொண்டால் தொடக்கம் சங்கராபரணமே. சட்சமும் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் துள்ளி வருகின்றன. சில அளவைகள் கழிய, சுத்த மத்திமம் இருந்த இடத்தில் பிரதி மத்திமம் தோன்றுகின்றது. இது கல்யாணியா என்று தமிழ்ச் செவி வினவும். அன்று. பஞ்சமம் புதிய சட்சமாகிவிட்டது; அங்கிருந்து கேட்டால் மீண்டும் சங்கராபரணமே ஒலிக்கின்றது. நம் கிரகபேத அறிவு இங்கே நேரே பயன்படுகின்றது. பதினைந்தாம் அளவையில் முதற்பாதி முடிய, அடுத்து அதே தொடக்கப் பண் சாதாரண காந்தாரத்தோடு வந்து முகம் வாடுகின்றது. மென்பொருள் இவ்விடங்களில் ஒரு கறுப்புக் கட்டையை மட்டும் ஒளிரச் செய்யும். ஏன் அங்கே கறுப்பு என்று அது சொல்லுவதில்லை. ஏன் என்று அறிந்த கை அக்கட்டையை மறப்பதுமில்லை.

சுருதி நுட்பத்தில் விசைப்பலகை நமக்கு ஒவ்வாதது என்னும் பழைய வாதத்தையும் தொட்டுச் செல்லவேண்டும். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கிவைத்தமை அறிந்ததே. ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் கருணாமிர்த சாகரத்தில் சமபங்கீட்டை ஆதரித்து எழுதினார். விபுலானந்த அடிகள் 1947 இல் யாழ் நூலில் இருபத்திரண்டு அலகுகளைக் கொண்டு கணித்தார். இவ்வழக்கை ஈண்டு முடிக்கப் புகோம். சமமாகப் பன்னிரண்டாகப் பகுத்த கட்டையில் அந்தர காந்தாரம் இயல்பினும் சற்று உயர்ந்தே நிற்கும். கமகமும் அதில் இல்லை. எனவே பியானோ கற்பவர் பாடுவதை நிறுத்தலாகாது என்பதே இதனால் நாம் பெறும் பயன். வலக்கைப் பண்ணை முதலிற் சுரமாகப் பாடி, பின்னரே கட்டையைத் தொடவேண்டும். பாடியவர் மூச்சு விடும் இடம் தெரிந்துகொள்வார். அவ்விடத்தில் விரலையும் எடுப்பார். சொற்றொடர் என்று மேனாட்டார் கூறுவது அதுவே.

அல்லைப்பிட்டியில் பியானோ ஆசிரியர் இல்லாதது ஒருபுறமிருக்க, செவியுள்ளவர் இல்லை என்று கூறல் தகுமோ? 1931 இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குத் தோற்றியவர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் பலர். கத்தோலிக்கக் கூத்து மரபும், ஆர்மோனியத்தோடு நடந்த இசைநாடகமும் வளர்த்த செவிகள் அவை. அவர்கள் ஐந்து கோட்டை அறியாதிருக்கலாம். ஆனால் தாளம் தளர்ந்ததையும், துணை பண்ணை மூடியதையும், மிதி குழம்பியதையும் கேட்ட மாத்திரத்தே சொல்லவல்லவர்கள். மாணவி தன் அடுத்த வீட்டு அன்ரியையோ பாடகர் குழாத்து அண்ணரையோ வாரம் ஒரு மாலை அழைத்து அருகிலிருத்தி வாசித்துக்காட்டினால், மென்பொருள் விட்ட குறையிற் பாதி தீரும். விசைப்பலகை தெரியாதவரிடம் விசைப்பலகை கற்பதா என நகைப்போர் உளர். விரலைப் பற்றி அவரிடம் கேட்கவேண்டியதில்லை. இசையைப் பற்றிக் கேட்டாற் போதும்.

பரீட்சையை விரும்புவோர்க்கு ஒரு சொல். முற்கூறிய இலண்டன் சபை 2020 முதல், காணொளியாகப் பதிந்து அனுப்பும் தரப்பரீட்சை ஒன்றையும் நடத்துகின்றது. கோட்பாட்டுப் பரீட்சையின் முதல் ஐந்து தரங்களும் இணையவழியே நடைபெறுகின்றன. தீவிலிருந்து கொழும்புக்குச் செல்லும் செலவு இதனால் மிச்சம். ஆனால் நிறையுள்ள கட்டைகளும் மிதியும் கொண்ட கருவி அதற்கு வேண்டும். 61 கட்டை மேசைக்கருவி இங்கேதான் போதாமற் போகின்றது. நகரிலோ தேவாலயத்திலோ தக்க கருவி உள்ளோரிடம் ஒரு நாளைக்கு இடங்கேட்டுப் பதிதல் இயலும். நான்கு உருப்படிகளையும் இடைநிறுத்தாது ஒரே தொடராக வாசித்துப் பதியவேண்டும் என்பது விதி. வெட்டி ஒட்டுதல் கூடாது. காத்துநிற்கும் மென்பொருளோடு மட்டும் பழகியவர் இவ்விடத்தில் திகைப்பர். ஆதலின் பதிவுக்கு முந்திய ஒரு மாதமேனும் அம்முறையை முற்றாக அணைத்துவிட்டு, பிழை நேர்ந்தால் அதனை அங்கேயே விட்டு அடுத்த அளவையிற் போய்ச் சேரப் பழகவேண்டும். வீதியில் மோட்டார் சைக்கிள் இரைந்தாலும், முற்றத்தில் நாய் குரைத்தாலும், மூன்றாம் உருப்படியின் நடுவில் வலக்கை ஒரு சுரத்தைத் தவறவிட்டாலும், இடக்கை தன் எண்ணிக்கையை விடாது நடந்துகொண்டிருத்தல் வேண்டும்.